முன்வரிசைக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்: சபா செயலாளர்களுக்கு ஒரு காமெடி நடிகனின் திறந்த மடல்

சென்னைச் சபாக்களின் செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பெயரைச் சொன்னால் தெரியாது. "அந்த நாடகத்துல சமையல்கார மாமாவா வருவாரே, குட்டையா" என்றால் "ஓ, அவரா" என்பீர்கள். 35 வருடமாக ஓர் அமெச்சூர் ட்ரூப்பில் காமெடி வேஷம் போடுகிறேன். சமையல்காரர், கல்யாணத் தரகர், காது கேட்காத தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு நாடகத்தில் திருடன், ஒன்றில் எமன். பகலில் வங்கியில் கேஷ் கவுண்டர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இந்த மடலை ட்ரூப் சார்பில் எழுதவில்லை. எங்கள் டைரக்டருக்குத் தெரிந்தால், "உனக்கு ஏன்யா இந்த வம்பு, அடுத்த வருஷம் டேட் கொடுக்கமாட்டாங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கேட்கப்போவது ஒரே ஒரு விஷயம். நாடகம் தொடங்கிய பிறகாவது, முன்வரிசைகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு சபாவில் எங்கள் நாடகம் நடந்தது. எந்தச் சபா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் "நம்ம இல்லை" என்று நிம்மதியாக இங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். பக்கத்திரை இடுக்கு வழியாக ஹாலைப் பார்ப்பது முதல் மேடையிலிருந்தே எனக்கு இருக்கும் கெட்ட பழக்கம். அன்றும் பார்த்தேன். முதல் ஐந்து வரிசைகளுக்கு இரண்டு பக்கமும் கயிறு. அதில் 'புரவலர்கள்', 'நன்கொடையாளர்கள்', 'சிறப்பு விருந்தினர்கள்' என்று அட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. வரிசைக்கு 20 நாற்காலி, மொத்தம் 100. உட்கார்ந்திருந்தவர்கள் 6 பேர். அந்த ஆறிலும் இரண்டு பேர் எங்கள் கதாநாயகியின் சித்தியும் சித்தப்பாவும். தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டார்கள், நல்லவேளையாக யாரும் எழுப்பவில்லை. ஆறாவது வரிசையிலிருந்து பின்னால் கிட்டத்தட்ட 200 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சிலர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது சீனில் என் என்ட்ரி. கரண்டியோடு போய்க் கதாநாயகனின் அப்பாவிடம் கேட்க வேண்டும்.

"மாமா, பாயசத்துக்கு ஆத்துல சர்க்கரை இருக்கா?"

"எனக்கு இருக்கு. மாமிக்கு இல்லை."

"அப்படின்னா உங்களை வெச்சே சமாளிச்சுடறேன்."

பழைய பாணி ஜோக்குதான், தெரியும். ஆனால் 60 தடவைக்கு மேல் மேடையேறி, ஒரு தடவைகூடக் கைவிடாத ஜோக். அன்று "மாமிக்கு இல்லை" என்று மாமா சொன்னதும், எனக்கு எதிரே இருந்த நூறு நாற்காலியிலிருந்து ஒன்றுமே வரவில்லை. எங்கோ தூரத்தில், அடுத்த தெருக் கல்யாண வீட்டில் யாரோ சிரித்த மாதிரி ஒரு சத்தம். எடுபடவில்லை என்று நினைத்து, காத்திருக்காமல் என் வரியைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து நிஜமான சிரிப்பு வந்து சேர்ந்து, என் வரியை முழுங்கிவிட்டது. மூன்று படி ஜோக்கில் மூன்றாவது படி யாருக்கும் கேட்கவில்லை. சரி, அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம் என்று கொஞ்சம் அதிகமாகக் காத்திருந்தேன். அங்கே சிரிப்பு வரவில்லை. சீன் முடிந்து விளக்கு அணைகிற பிளாக் அவுட் வரைக்கும் இப்படியே, படியிறங்கும்போது கணக்குத் தவறிய காலைப் போல, ஒவ்வொரு வரியும் தட்டுத் தடுமாறி விழுந்தது.

வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் பின்மேடைக்கு வந்து, அன்பாகத்தான், "இன்னிக்குக் கொஞ்சம் டல்லா இருந்துது இல்ல?" என்றார். அந்த "டல்"லுக்குத்தான் இந்த மடல்.

மேடையில் எனக்கு வாயைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். வசனம் எழுதி வந்துவிடுகிறது, ஒத்திகையில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் எழுதித் தர முடியாது. அதை ஒவ்வொரு நாளும் எதிரில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ட்ரூப்பின் மூத்த நடிகர் ஒருவர். தபால் ஆபீசில் வேலை. "பால் காய்ச்சியிருக்கியா?" என்று கேட்டார். சிரிப்பும் அப்படித்தான் எழும்பும் என்றார். எழும்பும்போது வாயைத் திறக்காதே. உச்சிக்குப் போய், கொஞ்சம் அடங்க ஆரம்பிக்கும் பார், அப்போது அடுத்த வரியைப் போடு. முழுக்க அடங்கட்டும் என்று நின்றால் ஏடு படிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து அடுப்பு மூட்ட வேண்டும்.

இது புரிவதற்கு முன்பு நான் செய்த பாவங்கள் நிறைய. முதல் நாடகத்தில் கல்யாணத் தரகர் வேஷம். ஜனங்கள் சிரித்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில், சிரிப்பு நடக்கும்போதே அடுத்த வசனத்தை மளமளவென்று ஒப்பித்துவிட்டேன். அந்த வசனத்தில்தான் கதையின் ஆணியே இருந்தது: மாப்பிள்ளை இரட்டைப் பிறவி. யாருக்கும் கேட்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு இரண்டாவது மாப்பிள்ளை வந்து நின்றதும், ஒரே ஆள் எப்படிச் சட்டையை இவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறான் என்று ஹாலில் பாராட்டிப் பேசிக்கொண்டார்களாம்.

இந்தக் கணக்குக்கான சத்தம் எங்களுக்கு முன்னால் இருக்கிற நாலைந்து வரிசையிலிருந்துதான் வர வேண்டும். முகமும் அந்தத் தூரம் வரைக்கும்தான் தெரியும். ஸ்பாட் லைட் கண்ணில் அடிக்கும்போது அதற்குப் பின்னால் எல்லாமே கறுப்பு. முன்னால் இருப்பவர் தோள் குலுங்கினால் பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துச் சிரிப்பார், அவரைப் பார்த்து அதற்குப் பின்னால் இருப்பவர். அப்படித்தான் அது பின்னாலே போகும். ராபர்ட் புரொவைன் என்று ஓர் அமெரிக்க ஆய்வாளர் சிரிப்பைப் பற்றியே வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட யாராவது இருக்கும்போது சிரிப்பது 30 மடங்கு அதிகம் என்றார். முன்னால் 100 காலி நாற்காலியைப் போட்டால் ஜனங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, அவர்கள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். தனியாக நிற்பது நாங்கள்தான். போதாக்குறைக்கு அவை குஷன் நாற்காலிகள். வந்த சத்தத்தில் பாதியை அவையே குடித்துவிடும்.

சிரிப்பு கேட்காமல் காமெடி செய்வது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு எங்களுக்கு வந்தது. எங்கள் நாடகம் ஒன்றை டி.வி.க்காக ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். பார்வையாளர்கள் கிடையாது. கேமராமேன்கள் சிரிக்கக்கூடாது, சிரித்தால் ஒலியில் பதிந்துவிடும். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டதைப் பார்த்தேன், 35 வருடத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த விமர்சனங்களில் அது ஒன்று. ஆனால் எங்கே நிற்பது, எவ்வளவு நிற்பது? நின்றால் ஓட்டை மாதிரி தெரிகிறது என்றார்கள். நிற்காமல் பேசினால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. ஒளிபரப்பான அன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். என் மனைவி கேட்டாள்: "இதே நாடகத்துக்கா அன்னிக்கு அவ்வளவு சிரிச்சாங்க?"

உங்கள் ஹாலில் எங்களுக்கு நேர்வதும் ஏறக்குறைய அதுதான்.

இந்த மேடை எப்படி உருவானது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் நினைவுபடுத்துகிறேன். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். கூத்தாடி என்று இளக்காரமாகப் பேசப்பட்ட தொழிலுக்குப் படித்தவர்கள் பொழுதுபோக்காக வந்து வேஷம் கட்டினார்கள். சம்பந்த முதலியார் வக்கீலாகி, நீதிபதியாகவும் இருந்தவர். ஓர் அசட்டு ஜமீன்தாரையும் அவனைவிட அசட்டு வேலைக்காரனையும் ஒரே பெயரில் உலவவிட்டுக் கேலி நாடகம் எழுதியதும் அவர்தான். அப்புறம் 1952-இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் நாடகக் குழு. கே. பாலசந்தர் அரசுக் கணக்குகளைப் பார்க்கும் ஏஜி ஆபீஸில் குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். கிரேசி மோகன் மெக்கானிக்கல் இன்ஜினீயர். 1976-இல் எஸ்.வி. சேகர் குழுவுக்கு எழுதிக் கொடுத்த 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆபீஸ் போகிறவர்கள் ஆபீஸ் போகிறவர்களுக்காக, ஆபீஸ் விட்டு வந்து போட்ட நாடகங்கள் இவை. பேருக்குத்தான் அமெச்சூர். ஒத்திகைக்கு எட்டு மணிக்கு வந்து பதினொன்றுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்த வாழ்க்கை. ஒருநாள் கவுண்டரில் கணக்கு முடிக்கும்போது நூறு ரூபாய் உதைத்தது. மூன்று தடவை எண்ணியும் கிடைக்கவில்லை. மணி ஆறு. மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை எனக்குத் திருடன் வேஷம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? கையிலிருந்து போட்டுவிட்டு ஓடினேன்.

நாகேஷ் கதையை நீங்களே மேடையில் எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகக் கொஞ்ச நேரமே வந்துபோனார். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேஷத்தைத்தான் தனியாகப் பாராட்டிக் கோப்பை கொடுத்தார். இந்தக் கதையை நான் வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தச் சிறப்பு விருந்தினர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து பார்த்தார்.

என் சொந்த ஊர் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். 'ஆத்துல', 'பண்ணிண்டு' எல்லாம் உங்கள் மேடைக்காக நான் கற்றுக்கொண்ட பாஷை. அதை முதல் வருடம் தப்புத் தப்பாகப் பேசியதே தனிக் காமெடி. சின்ன வயதில் நான் பார்த்தது தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். கூத்தில் எங்களுக்குப் பிடித்த ஆள், கோமாளியாக வரும் கட்டியக்காரன்தான். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று சலங்கையை உதறிக்கொண்டு கர்ஜிப்பான். இரண்டு பேர் அந்தத் திரையை விரித்துப் பிடித்திருப்பார்கள். ஊரே பயந்துபோய்ப் பார்க்கும். கட்டியக்காரன் மட்டும் போய், யாருய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு இப்படிக் கத்துறே என்று கேட்பான். ராஜாவை அப்படிக் கேட்கலாம் என்று எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது.

அந்தக் கூத்துக்களத்தில் முதல் வரிசை யாருடையது தெரியுமா? எங்களுடையது. பொடிசுகள் எல்லாம் சாயங்காலமே கோணியும் கிழிந்த பாயும் கொண்டுபோய் மணலில் இடம் பிடித்துவிடுவோம். நாட்டாமைக்கும் தர்மகர்த்தாவுக்கும் பக்கவாட்டில் கட்டிலோ பெஞ்சோ போட்டிருக்கும். அவர்கள் மரியாதைக்கு அதில் ஒரு குறையும் வந்ததில்லை. கட்டியக்காரன் நேராக எங்களிடம்தான் வருவான். எங்களில் ஒருவனை வம்புக்கிழுப்பான். நாங்கள் கெக்கெக்கே என்று தொடங்கினால், அது பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள் வரைக்கும் போகும். நடுராத்திரிக்கு மேல் நாங்கள் அங்கேயே சுருண்டு தூங்கிவிடுவோம், கூத்து சோகத்துக்குத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். கூத்து வாத்தியார்கள் கணக்குப் போட்டு அப்படி வைத்தார்களா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

டூரிங் டாக்கீஸிலும் தரை டிக்கெட் முன்னால்தான். விசில் அங்கிருந்துதான் கிளம்பும்.

இதற்குப் பதிலாக நீங்கள் சொல்லக்கூடியவை எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறீர்கள். மெம்பர்கள் கட்டுகிற வருடச் சந்தாவில் ஹால் வாடகைகூடத் தேறாது. ஏ.சி., சவுண்டு, எங்களுக்குக் கொடுக்கிற தொகை எல்லாம் நன்கொடையாளர்களால்தான் நடக்கிறது. அவர் எட்டு மணிக்கு வந்து, தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது? நியாயமான பயம். அந்த நன்கொடை இல்லாவிட்டால் எங்களுக்கு மேடையே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செட்டு, லைட்டு, மேக்கப், வேன் எல்லாம் போக நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பல நாள் அது டப்பாவில் கொடுத்த போண்டாதான்.

ஆனால் நன்கொடையாளர்களிடம் யாராவது கேட்டீர்களா? நான் ஒருவரிடம் கேட்டேன். நல்ல ரசிகர். எப்போதும் எட்டாவது வரிசை ஓரத்தில்தான் உட்காருவார். ஏன் சார் உங்க பேர் போட்ட இடம் முன்னாடி காலியாத்தானே இருக்கு என்றேன். "முன்னாடி உட்கார்ந்தா கழுத்து வலிக்கறது. நடுவுல எழுந்து போகமுடியாது. ரெண்டு நிமிஷம் கண் அசந்தா நீங்க மேலேர்ந்து பார்த்துடுவேள்" என்றார். மூன்றும் உண்மை. குறிப்பாக மூன்றாவது.

தலைமை தாங்க வருபவர்கள் விஷயம் இன்னும் சுலபம். அவர்கள் ஏழு மணிக்கு வந்து, பொன்னாடை வாங்கி, ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று இருபது நிமிடம் பேசி, இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். கூடவே வந்த எட்டுப் பேரும் எழுந்து போகிறார்கள். அது நாடகத்தின் முதல் சீன் நடக்கும்போதே நடக்கிறது. அப்புறம் இரண்டு மணி நேரம் அந்த வரிசை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. (இடைவேளையில் நடக்கும் பாராட்டு விழாவைப் பற்றி இதில் எழுதவில்லை. அதற்குத் தனி மடலே வேண்டும்.)

சபா நாடகம் என்றாலே துணுக்குத் தோரணம், கதையே கிடையாது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நானே, ஒரு சீனில் நாற்பது ஜோக் வைத்து மூச்சுவிட இடமில்லாத நாடகங்களில் நடித்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் எழுதுகிறவரின் பயம். எதிரே காலி நாற்காலி இருக்கும், பத்து ஜோக் போட்டால் இரண்டு ஜோக்காவது பின்னால் போய்ச் சேரும் என்று மேலும் மேலும் திணிக்கிறார். ஹால் நிறைந்து நெருக்கமாக இருந்தால் இரண்டு ஜோக்குக்கு நடுவில் ஒரு மௌனத்தையும் வைக்கத் தைரியம் வரும். எமன் வேஷம் போட்ட நாடகத்தில் அப்படி ஒரு மௌனம் இருந்தது. பாசக் கயிற்றோடு வந்த எமன், படுக்கையில் இருக்கும் கிழவி அவனுக்கே காபி போட எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். நெருக்கமான ஹாலில் அங்கே சிரிப்பு மெதுவாக அடங்கி, மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். கயிறு கட்டிய ஹாலில் இருமல் சத்தம் கேட்கும்.

இன்னொன்று, நம் ரசிகர்களின் வயது. எங்கள் நாடகத்துக்கு வருகிறவர்களில் எழுபதைத் தாண்டியவர்கள் நிறைய. காது மெஷின் வைத்திருப்பவர்கள் நிறைய. ஒரு வரி காதில் விழாவிட்டால் பக்கத்தில் "என்ன சொன்னான்?" என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் மாமி, ஹால் முழுக்கக் கேட்கும்படி, "மாமாவுக்கு சுகராம், மாமிக்கு இல்லையாம்" என்று சொல்வார். நான்கு வினாடி கழித்து அங்கே இரண்டாம் கைச் சிரிப்பு ஒன்று எழும். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் தனிப் பிரியம் உண்டு, அதற்கென்று ஓர் இடைவெளி விட்டுப் பேசவும் பழகியிருக்கிறேன். ஆனால் இவர்களைக் கூட்டிப்போய் ஆறாவது வரிசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, காது நன்றாகக் கேட்கும் காலி நாற்காலிகளை முன்னால் போட்டிருப்பது என்ன நியாயம்?

முடியும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், நல்ல மழை. 600 பேர் உட்காரும் ஹாலில் 70 பேர். தெருவில் முழங்கால் தண்ணீர். ரத்து செய்துவிடலாமா என்று ட்ரூப்பில் பேச்சு நடந்தது. அந்தச் சபா செயலாளர் வயதானவர், இப்போது இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறி மைக்கை வாங்கினார். "நனைஞ்சு வந்தவா எல்லாரும் முன்னாடி வாங்கோ. இன்னிக்கு டோனரும் கிடையாது, மெம்பரும் கிடையாது. நனைஞ்சவா, நனையாதவா, அவ்வளவுதான்" என்றார். கயிற்றைத் தானே கழற்றிச் சுருட்டி ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் குடையை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஒரு மாமா மட்டும் வரவில்லை. "என் பாஸ்ல எம்-14 போட்டிருக்கு" என்று எம்-14-லேயே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டார். இரண்டாவது சீன் பிளாக் அவுட்டில் இருட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. விளக்கு வந்தபோது மாமா மனைவி பக்கத்தில் இருந்தார்.

அன்று என் சர்க்கரை ஜோக்குக்கு வந்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் இருந்தார். சிரித்து முடிக்கும்போது அவருக்கு விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும். அது கேட்டு அவர் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவருக்கு மறுபடி சிரிப்பு, மறுபடி விக்கல். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பால் இறங்குகிற வழியாக இல்லை. மாமா வேஷம் போட்டவர் தாங்கமுடியாமல் திரும்பிக்கொண்டு, செட் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் ராகுகாலம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தோள் மட்டும் குலுங்குவதை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. அன்று நாடகம் வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் கூடுதலாக ஓடியது, ஒரு வார்த்தைகூட நாங்கள் சேர்க்கவில்லை. 70 பேர்தான் சார். போன மாதம் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

அந்தப் பெரியவரை மாதிரி எல்லோரையும் எழுப்பி முன்னால் கூப்பிடச் சொல்லவில்லை. நன்கொடையாளர்களுக்கு ஆறாவது, ஏழாவது வரிசையின் ஓர நாற்காலிகளை ஒதுக்குங்கள். அவர்களுக்கே அதுதான் வசதி. தாமதமாக வந்தாலும் யாருடைய காலையும் மிதிக்காமல் உட்காரலாம். தலைமை விருந்தினர் கூட்டத்துக்கு ஒரு பக்கமாக முதல் இரண்டு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பகுதி வேண்டாம். அதையும் முதல் சீன் முடிந்து விளக்கு அணையும்போது திறந்துவிட்டால் போதும். "காலியாக உள்ள இருக்கைகளில் அனைவரும் வந்து அமரலாம்" என்று மைக்கில் ஒரு வரி சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வரமாட்டார்கள். நம் ஜனங்களுக்குக் கயிறு இல்லாவிட்டாலும் கயிறு இருப்பதாகவே நினைப்பு. தாத்தா பாட்டியோடு வரும் குழந்தைகளை முதல் வரிசைக்கு அனுப்புங்கள். அவர்கள் கொஞ்சம் சத்தம் போடுவார்கள். போடட்டும். மேடையில் எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

அடுத்த மாதம் உங்களில் ஒருவருடைய ஹாலில் மறுபடியும் இதே நாடகம். என் என்ட்ரி மூன்றாவது சீனில்தான். ஆகவே உங்களுக்குச் சுமார் 20 நிமிடம் இருக்கிறது. கரண்டியோடு பக்கத்திரையில் நின்று, வழக்கம்போல இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் ஹாலில் கயிற்றை இடது பக்கம் கடைசி நாற்காலியின் கைப்பிடியில் கட்டுவார்கள். போன தடவை வந்தபோது கவனித்தேன். சுருக்கு முடிச்சுதான், நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

இப்படிக்கு,
சமையல்கார மாமா